24 வோல்ட் ஏசியில் 5 வோல்ட் சென்சார்: சில குறிப்புகள்

பெரிய கட்டடங்களின் குளிர்பதன அறைகளில், குளிர்நீர் வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டருக்குப் பெரும்பாலும் 24 வோல்ட் ஏசிதான் வருகிறது. அதே வயரிலிருந்து 5 வோல்ட் டிசியில் ஓடும் சின்ன சென்சார் போர்டுக்கும் மின்சாரம் எடுக்கலாம். 230 வோல்ட் வயரை அதுவரை இழுக்க வேண்டியதில்லை.

*

முதலில் உச்ச வோல்டேஜைக் கணக்கிட வேண்டும். மீட்டர் காட்டும் 24 என்பது ஆர்எம்எஸ் அளவு. அலையின் உச்சி அதைப்போல 1.414 மடங்கு, அதாவது 34. ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டையோடுகள் வழியாகக் கரண்ட் போகும். ஒவ்வொன்றுக்கும் 0.7 கழித்தால் பிரிட்ஜுக்கு அடுத்துள்ள கெபாசிட்டரில் ஏறத்தாழ 32.5 வோல்ட் நிற்கும்.

*

அதுவும் முழு லோடில்தான். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதபோது 28 வோல்ட்கூடத் தரும். லைனும் 230-லிருந்து 250-க்கு ஏறினால் கெபாசிட்டரில் 41-ஐத் தாண்டிவிடும். ஆகவே 35 வோல்ட் கெபாசிட்டர் ஆகாது. 63 வோல்ட் போடுங்கள். விலை வித்தியாசம் சொற்பம்.

*

5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் ஐசி இந்த இடத்துக்கு ஏற்றதல்ல. அதன் உள்ளீட்டு வரம்பே 35 வோல்ட். வரம்புக்குள் இருந்தாலும் சூடு விடாது: 32.5-இல் 5 போக மீதி 27.5 வோல்ட், போர்டு 0.1 ஆம்பியர் இழுத்தால் 2.75 வாட் வெறும் சூடாகப் போகிறது. போர்டுக்குக் கிடைப்பதோ அரை வாட். ஹீட் சிங்க் இல்லாமல் அந்த ஐசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

*

பக் கன்வெர்ட்டர்தான் சரி. வேகமாக ஆன்-ஆஃப் செய்து, காயில் வழியாக வோல்டேஜை இறக்குவதால் சூடு மிகக் குறைவு. கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் எல்எம்2596 மாட்யூலின் வரம்பு 40 வோல்ட். மேலே போட்ட கணக்குக்கு அது பற்றாது. 60 வோல்ட் தாங்கும் ‘எச்வி’ வகையைக் கேட்டு வாங்குங்கள். மாட்யூலின் உள்ளீட்டுக் கெபாசிட்டரில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜையும் பாருங்கள்.

*

ரிப்பிள்: 50 ஹெர்ட்ஸ் ஏசி பிரிட்ஜைத் தாண்டியதும் நொடிக்கு 100 துடிப்பு. 0.1 ஆம்பியருக்கு 1000 மைக்ரோஃபாரட் வைத்தால் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் 1 வோல்ட். பக் கன்வெர்ட்டருக்கு அது பொருட்டே இல்லை.

*

மிக முக்கியமானது: பிரிட்ஜுக்குப் பின் வரும் டிசி மைனஸும், 24 வோல்ட் ஏசியின் காமன் வயரும் ஒன்றல்ல. அதே டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் கன்ட்ரோலர்கள் பல, ஒற்றை டையோடு போட்டு, காமனையே மைனஸாக வைத்திருக்கும். சிக்னல் வயருக்காக இரண்டின் மைனஸையும் இணைத்தால் பிரிட்ஜின் ஒரு டையோடு டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே ஷார்ட்டாகிவிடும். சிக்னலை இணைப்பதாக இருந்தால் நம் போர்டிலும் ஒற்றை டையோடே போடுங்கள்; துடிப்பு 50-ஆகக் குறைவதால் கெபாசிட்டரை இரட்டிப்பாக்குங்கள். அல்லது தனி டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

*

ஏசி பக்கம் அரை ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். மாட்யூலை முதலில் தனியாக ஓட்டி, மீட்டரைப் பார்த்தபடி திருகைத் திருப்பி 5 வோல்ட்டில் நிறுத்துங்கள். புதிய மாட்யூல் எத்தனை வோல்ட்டில் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் பிறகே போர்டை மாட்டுங்கள்.