கறுப்பு விழுந்த சீப்பு

வீட்டில் மிஞ்சுகிற பழங்களில் பாதி நாம் காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது. ஊரிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சாத்துக்குடி கிடக்கும். யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் போதும், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கிலோ ஆப்பிளும் மாதுளையும் கொண்டு வந்து குவித்துவிடுவார்கள். படுத்திருப்பவர் ரசம் சாதத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் குடியிருப்பில் நான் ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு கதவைத் திறந்தால், எதிர் வீட்டு அக்கா அதே பூவனோடு என் வீட்டு மணியை அடிக்க நின்றுகொண்டிருப்பார். பொரிகடலையாவது டப்பாவில் பத்து நாள் கிடக்கும். பழம் யாருக்காகவும் காத்திருக்காது.

அதிலும் இப்போதைய வாழைப்பழத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சீப்பு முழுவதும் ஒரே நாளில் பழுத்து ஒரே நாளில் கறுக்கிறது. ஆச்சி வீட்டில் தாரை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மேல் சீப்பு முதலில் பழுக்கும், அடிச் சீப்புக்கு இன்னும் சில நாள் ஆகும். தின்னத் தின்னப் பழம் வந்துகொண்டிருந்தது. மண்டியில் எத்திலீன் வாயு விட்ட அறையில் பழுக்க வைக்கும் தாருக்கு அந்த நிதானம் கிடையாது. எத்திலீனைக் குறை சொல்வதற்கில்லை. பழம் தானாகவே வெளிவிடுகிற வாயுதான் அது. கால்சியம் கார்பைடு கல்லைப் போட்டுப் பழுக்க வைப்பதைத்தான் நம் நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். எத்திலீன் அறைக்கு அனுமதி உண்டு. ஆனால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு டஜன் பழம் ஒரே காலையில் ‘நான் தயார்’ என்றால் என்ன செய்வது?

பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே பதில்தான்: மிக்ஸி. பழம், பால், மூன்று ஸ்பூன் சர்க்கரை, ஐஸ் கட்டி. சாத்துக்குடி என்றால் பிழிந்து, வடிகட்டி, அதிலும் சர்க்கரை. எனக்கு இது புரிந்ததே இல்லை. காய் வாழையின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. கறுப்புப் புள்ளி விழும் நேரத்தில் அதில் ஏறக்குறைய எல்லாமே சர்க்கரையாக மாறி, ஒன்றிரண்டு சதவீதம் மாவுதான் மிஞ்சியிருக்கும். தன் வாழ்நாளிலேயே அதிக இனிப்பாக இருக்கிற நேரம் பார்த்து அதன் தலையில் சர்க்கரையைக் கொட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டியில் பழச்சாற்றின் இனிப்பு, தேனோடும் பாகோடும் சேர்ந்து, குறைக்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. முழுப் பழத்தில் உள்ள இனிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நாலு சாத்துக்குடியை உரித்துத் தின்ன யாராலும் முடியாது. நாலு சாத்துக்குடியின் சாற்றை நின்றவாக்கில் குடித்துவிட்டுப் போகலாம்.

கனிந்த பழத்தை இனிப்புச் சரக்காகவே எடுத்துக்கொள்வதுதான் என் கட்சி. வெல்லமும் சர்க்கரையும் போக வேண்டிய இடத்துக்கு அதை அனுப்பினால் போதும். இன்னொரு வழி, அதை உப்பு, புளிப்பு, காரத்தோடு சாப்பாட்டுக்குள்ளேயே கொண்டுவருவது. நம் சமையலில் இரண்டுக்கும் வேண்டிய வழி ஏற்கெனவே இருக்கிறது.

நாகர்கோவில் பக்கம் ஏத்தம்பழம் என்போம். மற்ற ஊர்களில் நேந்திரம்பழம். மஞ்சளாக இருக்கும்போது அதைத் தொடுவதில் அர்த்தமில்லை, உள்ளே விறைப்பாக இருக்கும். தோல் முக்கால்வாசி கறுத்த பிறகுதான் அதற்கு நல்ல காலம். சின்ன வயதில் நான் ஒரு கறுத்த பழத்தைக் குப்பைக் கூடைக்குக் கொண்டு போனபோது ஆச்சி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “ஏட்டி, கறுத்துப் போச்சுன்னா தூரப் போடுவாங்களா? இப்பதான அதுக்குள்ள இனிப்பே எறங்கிருக்கு!” தோலோடு இரண்டு மூன்று துண்டாக நறுக்கி இட்லிப் பானையில் வைத்தால், தோல் வெடித்து விலகும்போது வெந்தது என்று அர்த்தம். உள்ளே சதை மெழுகு போலப் பளபளப்பாக, லேசான புளிப்போடு இருக்கும். மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூ. அவ்வளவுதான்; காலைப் பலகாரம் முடிந்தது. அரிசிப் புட்டோடு பிசைந்தால் சீனி தேவைப்படாது.

ஆச்சி செய்ததெல்லாம் ஆரோக்கியம் என்று நான் சொல்லமாட்டேன். அவள் பழ அப்பத்துக்குக் கருப்பட்டிப் பாகும் உண்டு, எண்ணெய்ச் சட்டியும் உண்டு. வயலுக்குப் போய் வந்தவர்களுக்கு அது செரித்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற எங்களுக்குக் குழிப் பணியாரம் போதும். நன்றாகக் கனிந்த பூவனோ ரஸ்தாளியோ இரண்டு, கையாலேயே பிசைந்து (மிக்ஸியில் அடித்தால் மாவு நீர்த்துப்போகும்), அதில் கோதுமை மாவு, ஒரு பிடி கேழ்வரகு மாவு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. இட்லி மாவு பதத்துக்குக் கரைத்துக் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டு எடுக்கலாம். உப்பை மறந்தால் இனிப்பு எடுபடாது. தீ கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். பழத்தின் சர்க்கரை சீக்கிரம் நிறம் பிடித்துவிடும். புள்ளி விழுந்த பழத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிற என் மகன் இதில் தட்டைக் காலி செய்துவிட்டு, ‘இதுல என்ன போட்டீங்க?’ என்று கேட்பான். ஏலக்காய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாம்பழக் காலத்தில் நார் நிறைந்த சின்ன நாட்டு மாம்பழங்கள் கூடை கூடையாக வரும். அறுத்துத் தின்ன வராது. இரண்டு நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். அதற்குப் புளிசேரிதான் கதி. தோலை உரித்து முழுப் பழமாகவே மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூளோடு வேகவிட வேண்டும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து ஊற்றிக் கொதித்ததும் தீயைக் குறைத்து, கடைந்த புளித்த தயிரை விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். கடுகு, வெந்தயம், வத்தல், கறிவேப்பிலை தாளிப்பு தேங்காயெண்ணெயில். தயிரின் புளிப்பும் மிளகாயும் பழத்தின் திகட்டலை அடக்கிவிடும். சோற்றோடு அந்தக் கொட்டையைச் சூப்புகிற சுகத்துக்காகவே பழம் மிஞ்ச வேண்டும் என்று தோன்றும். அன்றைக்கு மிஞ்சிய தயிரும் தீர்ந்துபோகும் என்பது கூடுதல் லாபம்.

அன்னாசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பச்சையாக நறுக்கித் தயிரில் போட்டுப் பச்சடி செய்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். அதிலுள்ள புரோமலைன் என்கிற நொதி பாலின் புரதத்தை உடைத்துவிடுகிறது. ஒரு கொதி விட்டு ஆறவைத்துச் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. ரசத்தில் போட்டால் கேள்வியே இல்லை. கொய்யாவுக்கு நேர்மாறு, அடுப்பருகே கொண்டு போகாதீர்கள். அதன் பெருமையே வைட்டமின் சி-யில் இருக்கிறது, சூட்டில் அது வீணாகும். ஆயக்குடிக் கொய்யா கொழகொழவென்று கனிந்துவிட்டால் மசித்து, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் சேர்த்துத் தயிரில் கலந்துவிடுவேன். விதை பல்லில் மாட்டும். மாட்டட்டும், நார்ச்சத்து அதிலும் இருக்கிறது. பழுத்த பப்பாளிக்கு மிளகும் எலுமிச்சையும் போதும். மாவாகிப்போன ஆப்பிளைத் துருவி இஞ்சியோடு தொக்குப் போடலாம். அதற்குமேல் அந்தப் பழத்தின்மேல் எனக்குப் பெரிய அக்கறை இல்லை.

ஜாம் போடலாமே என்பார்கள். கெடாமல் வைக்கும் வித்தையைப் பழனிப் பஞ்சாமிர்தத்தில் பார்க்கலாம். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் எல்லாம் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசைவது. அத்தனை சர்க்கரை இருக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளரத் தேவையான ஈரம் அதற்குக் கிடைக்காது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு உண்டு. உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் வாங்கி நக்குகிற அளவும் அதற்கென்றே ஏற்பட்டது. ஜாமின் கணக்கும் இதேதான், அளவுதான் இல்லை. காலையில் நாலு ரொட்டித் துண்டில் பூசுகிறோம். பழத்தைக் காப்பாற்றப் போய் அதைவிட அதிகமாகச் சர்க்கரை தின்பது எனக்கு ஒப்பவில்லை. ஃப்ரீசர் இருக்கும்போது அது தேவையுமில்லை. வாழைப்பழத்தை உரித்து, வட்டமாக நறுக்கி, தட்டில் பரப்பி உறையவைத்துப் பிறகு டப்பாவில் போட்டு வைக்கலாம். தோலோடு வைத்தால் பிறகு உரிக்க முடியாமல் அவஸ்தைப்பட வேண்டும். உறைந்த துண்டுகளை அப்படியே அரைத்தால் ஐஸ்கிரீம் மாதிரியே வரும், ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

சிக்கனம் பேசுகிறவர்களுக்கு ஓரிடத்தில் கை நிற்க வேண்டும். கனிந்தது வேறு, அழுகியது வேறு. வாழைப்பழத்தின் தோல் கறுத்து உள்ளே சதை வெண்ணெய் நிறத்தில் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். தண்ணீர் கசிந்து, கள்ளு வாடை அடித்தால் செடித் தொட்டிக்குத்தான். அடிபட்டுக் கன்றிய ஆப்பிளை அந்த இடம் மட்டும் சீவிவிட்டுத் தின்னலாம். பூஞ்சை பிடித்து அழுகிய ஆப்பிளில் அப்படிச் செய்யக் கூடாது. அந்தப் பூஞ்சைகளில் சில பட்டூலின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன, கொதிக்க வைத்தாலும் அது முழுதாகப் போகாது. திராட்சை, மாம்பழம் போன்ற மெத்தென்ற பழங்களில் மேலே ஒரு பொட்டுப் பூஞ்சை தெரிந்தால் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இந்த இடத்தில்தான் சண்டை வரும். “இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது” என்று ஒரு குரல் எழும். காசு ஏற்கெனவே போய்விட்டது, வயிறாவது மிஞ்சட்டும் என்று தூக்கிப் போட்டுவிடுவேன்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, சர்க்கரை நோய் உண்டு. வாழைப்பழத்தை உரித்துத் தின்றாலும் பணியாரத்துக்குள் ஒளித்து வைத்தாலும் உடம்பு ஒரே கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும், அதோடு மாவும் சேர்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி பொதுவாக எல்லோருக்குமே நாளைக்கு 100 கிராம் பழம் என்கிறது. அவருக்கு டாக்டர் சொன்ன அளவு அதைவிடக் குறைவு. ஆகவே தட்டில் இரண்டு பணியாரம் வைத்தால், சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாகத் தருகிற பாதிப் பழம் அன்றைக்குக் கிடையாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். மறுப்பில்லாமல் ஒத்துக்கொள்வார். தட்டை எடுக்கப் போகும்போது, “அப்போ நாளைக்கு அந்தப் பாதி உண்டுலா?” என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்.