சத்தம் அடங்கிய வீடு

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரும் அன்பர்கள் வாசற்படியிலேயே தயங்கி நின்று, "வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. உள்ளே நான், என் மனைவி, இரு குழந்தைகள், என் தாயார் ஆக ஐந்து பேர் இருக்கிறோம். ஆறாவதாக ஒரு கடுவன் பூனையும் இருக்கிறது. வீடு இப்படி அமைதியாக இருப்பதற்குக் காரணம் அந்த ஆறாவது ஆசாமிதான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அப்படிச் சிரித்த நண்பர் ஒருவரே இதை நம் சங்க இதழுக்கு எழுதும்படி வற்புறுத்தினார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா நான். பட்டதைப் பட்டபடி எழுதுகிறேன்.

என் தந்தையார் கரக்பூரில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். 2016ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, பார்சல் கூடைகளுக்கு இடையே கத்திக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குட்டியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். 'கருப்பன்' என்று பெயரும் அவரே இட்டார். மறு வருஷம், ஓய்வு பெறும் முன்னரே, அவர் மாரடைப்பால் காலமானார். கருமாதிக்கு ஊரிலிருந்து வந்த உறவினர்கள், கறுப்புப் பூனை வீட்டில் இருந்ததால் வந்த வினை இது என்றும், அதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அண்டை வீட்டு வங்காள மாதுவோ, பூனை சஷ்டி தேவியின் வாகனம், அதைத் துரத்துவது பாவம் என்றாள். என் தாயார் இரண்டையும் கேட்டுக்கொண்டார். "அவர் கொண்டுவந்த ஜீவன், இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

கருணை அடிப்படையில் எனக்குக் கடைநிலை வேலை கிடைத்தது. பின்னர் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன். தந்தையாரின் பதவிக்கு அளித்திருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, 2018இல் என் பதவிக்கு உரிய சிறிய வீட்டுக்குக் குடியேறினோம். கருப்பனை ஒரு சாக்கில் போட்டுக் கட்டித் தூக்கி வந்தேன். எவ்வளவு பெரிய அறியாமை என்பது அப்போது தெரியவில்லை. அன்று இரவே அவன் பழைய வீட்டுக்கு ஓடிவிட்டான். மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டு வந்தோம். தந்தையாரின் கம்பளி ஒன்றின்மேல்தான் அவன் படுப்பான். புது வீட்டுக்கு அழுக்கோடு கொண்டுபோகக் கூடாதென்று அதையும் சோடாவில் ஊறவைத்துத் துவைத்துவிட்டோம். கருப்பன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டான்.

இனி, எழுதக் கூசும் பகுதிக்கு வருகிறேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அமைதி என்பதே கிடையாது. தந்தையாரின் சேமநிதிப் பணம் வந்திருந்தது. "வேலை உனக்குப் போயிற்று; பணமாவது எனக்கு வேண்டாமா?" என்பது என் தம்பியின் வாதம். அவனுக்கு ஒரு கடை வைக்க ஆசை. "அம்மாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றப்போவது நான், பணத்தில் கை வைக்காதே" என்பது என் வாதம். மாலையில் நான் வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்தால், இரவு சாப்பாடு ஆறும்வரை ஓயாது. பேச்சு வெளியே கேட்கக் கூடாதென்று என் மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாள். அதற்கு மேலே கத்துவோம். ஒருநாள் நான் பித்தளைச் செம்பைச் சுவரில் எறிந்தேன். தாயார் ஒரு வார்த்தையும் பேசாமல் சமையலறையிலேயே இருப்பார்.

ஒரு மாதம் இப்படிச் சென்றது. ஒரு காலையில் கருப்பன் தன் மணல் தட்டில் போய்க் குந்துவதும், முக்குவதும், கத்துவதும், எழுந்து வந்து மறுபடி போய்க் குந்துவதுமாக இருந்தான். ஒரு சொட்டுக்கூட ஈரமில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுக்கப் போனேன். தாயார்தான் தடுத்து, "டாக்டரிடம் கொண்டுபோ" என்று வற்புறுத்தித் தாமும் உடன் வந்தார்.

கால்நடை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். ஆண் பூனைக்குச் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலாம். அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்களிலேயே நஞ்சு உடம்பில் ஏறி உயிர் போய்விடுமாம். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி, அடைப்பை நீக்கினார். பரிசோதனையில் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. அப்போது அவர் கேட்டார்: "வீடு மாறினீர்களா? வீட்டில் புதிதாக ஏதாவது நடக்கிறதா?"

வீடு மாறியதைச் சொன்னேன். வேறொன்றுமில்லை என்றேன். பின்னாலிருந்து என் தாயார், தமக்குத் தெரிந்த வங்காளத்தில், "ரோஜ் ஜொக்ரா ஹொய்" என்றார். தினமும் சண்டை நடக்கிறது என்று பொருள். ஒரு வருஷமாக எங்களிடம் சொல்லாத சொல்லை முன்பின் அறியாத ஒருவரிடம் சொன்னார். நான் தலை நிமிரவில்லை.

மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கல்லும் கிருமியும் இல்லாமல் வரும் இந்த நோவுக்கு மன அழுத்தம் ஒரு முக்கியமான தூண்டுதல் என்றார். மனிதர் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். பூனையின் காதோ 60,000க்கும் மேலே கேட்கும். நமக்குப் பேச்சாக இருப்பது அதற்கு இடியாக இருக்கக்கூடும். பழகிய சத்தத்தை அது பொறுத்துக்கொள்ளும். திடீரென்று எழும் சத்தத்தைத்தான் பொறுக்காது என்றார். அது உண்மை. இரவெல்லாம் கூட்ஸ் வண்டிகள் ஊதிக்கொண்டு போனபோதும் கருப்பன் தூங்கினான். என் குரல் உயர்ந்தால்தான் ஓடினான்.

அவர் சொல்லி நாங்கள் செய்தவற்றை, பூனை வளர்க்கும் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று இங்கே தருகிறேன்.

முதலாவது, ஒளிந்துகொள்ள ஓர் இடம். வாய் திறந்த ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, உள்ளே பழந்துணி விரித்து, நடமாட்டமில்லாத மூலையில் வைத்தோம். அதற்குள் இருக்கும்போது யாரும் கை நீட்டக் கூடாது என்பது சட்டம். 2014இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கொடுக்கப்பட்டவை மற்றவற்றைவிட விரைவில் அச்சம் தெளிந்ததாகக் கண்டிருக்கிறார்கள். இதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது, மணல் தட்டு. நாங்கள் அதை மிக்ஸி ஓடும் இடத்துக்கு அருகே வைத்திருந்தோம்! அமைதியான இடத்தில், சாப்பாட்டுக்குத் தொலைவில், தினமும் சுத்தம் செய்து வைக்க வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டு ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது.

மூன்றாவது, தண்ணீர். சோற்றுத் தட்டை ஒட்டி வைக்காமல் வேறிடத்தில், அகன்ற பாத்திரத்தில் வைத்தால் அதிகம் குடிக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். பாலும் பூனையும் என்று பழகிய நமக்கு இது வியப்புத்தான்.

நான்காவது, ஒழுங்கு. உணவும் விளையாட்டும் தினமும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். குழந்தைகள் அதைத் துரத்திப் பிடிக்காமல், அதுவாக வரும்வரை உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அது நட்பாக ஏற்கும். இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் இதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். என் மகள் இதில் தேர்ந்துவிட்டாள்.

ஐந்தாவது, வீடு மாறுவது. மாற்றலாகிச் செல்லும் நம் குடும்பங்களுக்கு இது முக்கியம். சாக்கு வேண்டாம், காற்றோட்டமுள்ள கூடை வேண்டும். புது வீட்டில் முதலில் ஓர் அறையில் மட்டும் வைத்து, அது துணிந்த பிறகு மற்ற அறைகளைத் திறக்க வேண்டும். அதன் விரிப்பைத் துவைக்காமலே கொண்டுபோக வேண்டும். பழைய வாசனைதான் அதற்குப் பழைய வீடு.

இவையெல்லாம் எளிதாகவே நடந்தன. சண்டைதான் எளிதில் நிற்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த இரவு தாயார் எங்கள் இருவரையும் அழைத்து, "பேச வேண்டியதை வெளியே போய்ப் பேசுங்கள். இந்த வீட்டுக்குள் வேண்டாம்" என்றார். பூனைக்காகச் சொன்னாரா, தமக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நானும் தம்பியும் ஸ்டேஷனுக்குப் போனோம். எங்கள் ஸ்டேஷனின் நடைமேடை 1,072 மீட்டர் நீளம். 2013இல் கோரக்பூர் முந்தும்வரை உலகிலேயே நீளமானது என்ற பெயர் அதற்கு இருந்தது. தம்பிக்குப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான்தான். நாலு பேர் பார்க்கும் இடத்தில் கத்த முடியாது. நடந்துகொண்டே பேசினால் மூச்சும் அதிகம் மிஞ்சாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் கோபம் பாதி வடிந்துவிடும். சில வாரங்களில் ஒரு முடிவுக்கு வந்தோம். தாயார் பெயரில் ஒரு பகுதியை வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு, மீதியைத் தம்பிக்குக் கொடுத்தோம். கோல்பஜாரில் மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறான். வேலை தனக்கு வந்திருக்க வேண்டும் என்று இன்னும் சில சமயம் சொல்வதுண்டு. ஆனால் மெதுவாகச் சொல்கிறான்.

நமக்குத் தீபாவளி விடியற்காலையில். இங்குள்ளவர்களுக்குக் காளி பூஜை அமாவாசை இரவில். ஆகவே பட்டாசு ஓய்வதே இல்லை. அந்த நாட்களில் உள்ளறையில் சன்னலைச் சாத்தி, கனத்த திரையிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, கருப்பனின் பெட்டியையும் தண்ணீரையும் தட்டையும் அங்கே வைத்துவிடுகிறோம். மிகவும் அஞ்சும் பூனைக்கு மருத்துவர் முன்கூட்டியே மருந்து தருவார். நாமாக எதுவும் கொடுக்கக் கூடாது. நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

சென்ற காளி பூஜை இரவில் குழந்தைகள் மைதானத்தில் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தம்பியைக் காணவில்லை என்று தேடினேன். உள்ளறையில் விளக்கில்லாமல் தாயாருக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் நடுவே பெட்டி இருந்தது. நான் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன்.

கருப்பனுக்கு அந்த நோவு திரும்ப வரவில்லை. ஆகையால், எங்கள் வீட்டுக்கு வரும் அன்பர்கள் யாரும் இல்லையோ என்று திரும்பிப் போய்விட வேண்டாம். மெல்லத் தட்டினால் போதும், எல்லோரும் இருக்கிறோம்.