பின்னை உருவு, பாறை ஏறு

மோவாப் பாலைவனத்தில் ஜீப்பின் கால்களை அவிழ்த்துவிடும் கைவேலை

அமெரிக்காவின் யூட்டா மாநிலம். மோவாப் ஊருக்குக் கிழக்கே, சான்ட் ஃபிளாட்ஸ் சாலையிலிருந்து பாறைத் தடம் பிரிகிற இடத்தில் காலையிலேயே ஜீப்புகள் வரிசை கட்டிவிடுகின்றன. யாருக்கும் அவசரமில்லை, எல்லோரும் தரையில் மண்டி போட்டிருக்கிறார்கள். ஒருவர் டயரின் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்குகிறார். இன்னொருவர் முன் சக்கரத்துக்குப் பின்னே கையை நுழைத்து, கொண்டை ஊசி போன்ற ஒரு கம்பியை உருவி, அரை அங்குல இரும்புப் பின் ஒன்றை வெளியே இழுக்கிறார். மறுபக்கமும் அப்படியே. ஓரிரு நிமிட வேலை. அந்த ஏற்பாடு வண்டிக் கம்பெனி கொடுத்ததல்ல. டிராக்டர் சாமான் விற்கும் கடையில் பின் வாங்கி, வீட்டுக் கொட்டகையில் துளை போட்டு அவரே செய்துகொண்டது.

சுமார் 5,000 பேர் வசிக்கும் மோவாப், யுரேனியத்தால் கொழுத்த ஊர். 1952இல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் இதன் தென்கிழக்கே பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்து வந்த கூட்டம் புல்டோசர் வைத்து மலையெல்லாம் பாதை கிழித்தது. யுரேனிய மோகம் அடங்கியது, பாதைகள் மிஞ்சின. 1967இல் உள்ளூர் வர்த்தகர்கள் அவற்றில் ஈஸ்டர் ஜீப் சஃபாரி என்ற ஒருநாள் பயணத்தைத் தொடங்கினார்கள். இன்று அது ஒரு வாரத்துக்கும் மேல் நீளும் திருவிழா. ‘நரகத்தின் பழி’, ‘விஷச் சிலந்தி’ என்றெல்லாம் தடங்களுக்குப் பெயர். பயமுறுத்தும் பெயர்தான் இங்கே விளம்பரம்.

இந்தச் செம்மணற்கல்லை ‘வழுக்குப் பாறை’ என்கிறார்கள். இரும்பு லாடம் கட்டிய குதிரைகள் வழுக்கியதால் வந்த பெயர். ரப்பர் டயர் என்னவோ உப்புத்தாளில் வைத்த மாதிரி பிடித்துக்கொள்கிறது. சரிவில் ஏறிய வண்டிகளின் கறுப்புத் தடங்கள் பாறை மேல் கோடு கோடாகத் தெரிகின்றன. ஆகவே இங்கே சிக்கல் வழுக்கல் அல்ல. சக்கரம் தரையைத் தொடாமல் போவதுதான் சிக்கல்.

குற்றவாளி, வண்டியின் குறுக்கே கிடக்கும் ஒரு எஃகுக் கம்பி. ஸ்வே பார் என்பது அமெரிக்கப் பெயர். நம்மூர் மெக்கானிக்குகளுக்கு ஸ்டெபிலைசர் பார். ‘ப’ போல வளைந்த அதன் நடுப்பகுதி சேஸிஸோடு சேர்ந்திருக்கும். இரு நுனிகளும் இரண்டு சிறிய இணைப்புத் தண்டுகள் வழியே ஆக்ஸிலைப் பிடித்திருக்கும். இரு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலோ, ஈரத் துணியைப் பிழிவது போல் முறுக்கப்படும். முறுக்குக்கு இணங்க மறுத்து, சாய்கிற உடலை நிமிர்த்தப் பார்க்கும். நெடுஞ்சாலையில் அது காவல் தெய்வம்.

பாறையில் அதே குணம் தொல்லை. இடது சக்கரம் கல் மேல் ஏறும்போது வலது சக்கரம் குழிக்குள் இறங்க வேண்டும். கம்பி விடாது. வலது சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிற வண்டி என்றால், தொங்கும் சக்கரம் காற்றில் சுழல, மற்றது அசையாமல் நிற்கும். 1941இல் வந்த வில்லிஸ் ஜீப்பில் இந்தக் கம்பியே கிடையாது. வேகமான சாலைகளுக்கு ஜீப் வந்ததால் ஒட்டிக்கொண்ட உறுப்பு இது.

கழற்றிவிடலாமே என்றால், துருவேறிய போல்ட்டோடு வெயிலில் மல்லாந்து கிடந்து மல்லுக்கட்ட வேண்டும். மாலையில் திரும்ப மாட்டவும் வேண்டும். அதனால்தான் போல்ட் இருந்த இடத்தில் பின் வந்தது. தண்டின் நீளத்தைச் சரியாக வெட்டுவதில்தான் கைத்திறன்: வண்டி சமதரையில் நிற்கும்போது கம்பியின் கைகள் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தியிருந்தால் தண்டும் நீள வேண்டும். கழற்றிய பிறகு கம்பியின் கைகளை மேலே தூக்கிப் பட்டையால் சேஸிஸில் கட்டாவிட்டால், அவை தொங்கி டயரையோ பிரேக் குழாயையோ பதம் பார்க்கும்.

மலிவான சமாசாரம் என்பதற்காக எல்லாவற்றையும் பாராட்ட முடியாது. துளை பின்னைவிடச் சற்றே பெரிதாகப் போனால் முதலில் கடகட சத்தம், பிறகு துளை முட்டை வடிவம். மெல்லிரும்புப் பின் தேய்ந்து அறுந்துவிடும். கொண்டை ஊசி எங்கோ விழுந்தால் பின்னும் பின்னாலேயே போகும். ஸ்பிரிங் எஃகுக் கம்பியின் மேலேயே வெல்டிங் வைப்பது சுத்த அபத்தம். சூடு பட்ட இடம் உடைந்துபோகக்கூடியதாகிவிடுகிறது. கைவேலை, தண்டோடு நிற்பதே நல்லது. கம்பி விட்டதும் சக்கரம் முன்பைவிட அதிகம் இறங்கும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. பிரேக் குழாய் அந்த அளவுக்கு நீளாவிட்டால் இழுபட்டு அறுந்துபோகலாம். காயில் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவலாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மறதி. தடத்தை முடித்த களைப்பில் டயருக்குக் காற்றடித்துவிட்டு, பின்னை மாட்டாமலே ஊரை ஊடுருவிப் போகும் 191ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. குறுக்கே மான் ஒன்று ஓடிவந்து ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பும்போது, ஏற்கெனவே உயர்த்திய வண்டி படகு போலச் சாய்கிறது, உருளவும் செய்யலாம். பின்களை கியர் கம்பியிலேயே தொங்கவிடுவது எளிய உபாயம். கைக்குத் தட்டுப்பட்டால் ஞாபகம் வரும். திரும்ப மாட்டுவதற்கும் சமதரை வேண்டும். துளைகள் நேராகாவிட்டால் ஒருவர் பம்பரில் ஏறி ஆட்ட, மற்றவர் பின்னைச் செருகுகிறார். தனியாக வந்தவர் பாடு திண்டாட்டம்.

கம்பெனிகளும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2007 மாடல் ராங்ளர் ரூபிகானில் ஒரு பட்டனை அழுத்தினால் முன் கம்பி இரண்டாகப் பிரிந்துவிடும். வேகம் கூடினால் தானே சேர்ந்துகொள்ளும். மறதிக்கு மருந்து கண்டாயிற்று. ஆனால் மோட்டாரும் மின்பலகையும் முன் பம்பருக்குக் கீழே, சேறும் தண்ணீரும் அடிக்கிற இடத்தில் இருக்கின்றன. உள்ளே ஈரம் புகுந்து பட்டன் செத்துப்போன வண்டிகள் உண்டு. அவற்றின் சொந்தக்காரர்களில் சிலர் மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, கையால் இயக்கும் ஏற்பாட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.