கைப்பட எழுதிய உத்தரவாதம்



பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும். வேறு நிருபங்களைத் தேடும்போது பல சமயம் அதைத் தாண்டிப் புரட்டிவிடுகிறோம். அந்தச் சிறு கடிதத்தின் இடையில் அப்போஸ்தலர் திடீரென்று ஒரு கணக்கப்பிள்ளையைப் போலப் பேசத் தொடங்குகிறார். ஒநேசிமுவினால் நஷ்டம் ஏதேனும் நேர்ந்திருந்தால் அதைத் தம்முடைய கணக்கில் வைக்கும்படி பிலேமோனைக் கேட்டுக்கொள்கிறார். அதைத் தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதியும் கொடுக்கிறார். ரோமருக்கு எழுதிய நெடிய நிருபத்தைத் தெர்தியுவின் கையால் எழுதுவித்தவர், கடன் பொறுப்பு என்று வந்தபோது தாமே எழுதுகோலை எடுத்ததைக் கவனியுங்கள். வாய்ச்சொல் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்ற தை மாதம் தொடங்கி இந்தப் பகுதியை நான் அடிக்கடி வாசிக்கிறேன். காரணம், ஒரு படகு.

நெமிலிக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று வெளியூரில் இருக்கும் நம் சபையார் கேட்கலாம். கடல் நமக்குத் தொலைவுதான். ஆனால் காவேரிப்பாக்கம் ஏரி தொலைவில்லை. தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றான அது, பாலாற்றின் வாலாஜா அணைக்கட்டிலிருந்து வரும் நீரால் நிரம்பும்போது, அந்தக் கரையில் நின்று பார்ப்பவருக்கு எதிர்க்கரை கண்ணுக்கு எட்டுவதில்லை. அந்நீரில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்களுள் ஒன்று நம்முடைய சபையைச் சேர்ந்தது. அவரது பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், சகோதரர் என்றே குறிப்பிடுகிறேன்.

இருபது ஆண்டுகளாகப் பரிசலில் தொழில் செய்தவர் அவர். கார்த்திகையில், பாதி சேமிப்பும் பாதி கடனுமாக, ஒரு சிறிய ஃபைபர் படகு வாங்கினார். கடலோர ஊரொன்றில் உள்ள படகுத் தளத்தில் செய்தது. ஓராண்டு வாரண்டி என்று அச்சிட்ட அட்டையும் தந்தார்கள். படகு ஏரிக்கு வந்த நாளில் ஜெபிக்க அழைத்தார்கள், சென்றேன். வெள்ளையும் நீலமுமாக மிக அழகாக இருந்தது. பொங்கலுக்கு மறுவாரமே, வலை இழுத்துத் திரும்பும் ஒவ்வொரு வேளையும் படகின் பின்பகுதியில் ஒரு குடம் நீர் நின்றது. மேலே ஓட்டை எதுவும் தெரியவில்லை.

இங்கே சற்று நின்று அந்தப் படகின் உள்ளமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஃபைபர் படகு என்பது ஓர் அச்சுக்குள் கண்ணாடி இழை விரிப்பை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் ரெசின் ஊற்றி, உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிச் செய்யப்படுவது. இழை விரிப்பை அவர்கள் மேட் என்பார்கள். ரெசினில் ஹார்டனர் அளவோடு கலக்க வேண்டும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. ஈரக்காற்று அதற்குப் பகை. மழைநாளில், நனைந்த மேட்டில், அவசரமாகச் செய்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே வெற்றிடம் தங்கிவிடும். வெளியே பூசிய ஜெல் கோட் கண்ணாடி போல மின்னும். உள்ளே இருப்பதை அது மறைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஏரிக்கரைக்கு வந்த ஒரு முதிய மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, கவிழ்த்து வைத்த படகின் மேல் விரலிடைக்கு விரலிடை தட்டிக்கொண்டே சென்றார். நல்ல இடத்தில் கணீரென்ற ஓசை. பின்பகுதியில் இரண்டு சாண் அகலத்துக்கு, பழுத்த பலாப்பழத்தைத் தட்டியது போன்ற மந்தமான ஓசை. “இங்கதான் பாஸ்டர், ஒட்டவே இல்ல” என்றார். பிறகு உள்ளே குனிந்து, இருக்கைக்குக் கீழே உள்ள மரச் சட்டத்தைக் காட்டினார். மேற்புறம் மட்டும் ஃபைபர் போர்த்தியிருந்தார்கள்; வெட்டிய முனைகள் திறந்தே கிடந்தன. மரம் நீரைக் குடித்து ஊறியிருந்தது. நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசக் கட்டளை பிறந்ததை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த ‘உள்ளும்’ என்ற சொல்லின் பொருள் அன்று அந்த நனைந்த கட்டையைத் தொட்டபோது விளங்கிற்று.

தளத்தின் உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னபோது கிடைத்த பதில், உங்களுள் மோட்டாரோ மிக்சியோ வாங்கியவர்கள் அறிந்த பதில்தான். கரைக்கல்லில் மோதியிருப்பீர்கள், சரியாகக் கையாளவில்லை, அது வாரண்டியில் வராது.

சகோதரரின் வீட்டில் அன்று மாலை பேசியதை உங்களிடம் மறைக்காமல் சொல்லவேண்டும், ஏனெனில் இந்தக் கேள்வி நம் சபையில் பலருக்கு உண்டு. அவருடைய மூத்த உறவினர் ஒருவர், “விட்டுடு தம்பி, விசுவாசி வழக்காடக் கூடாது, கர்த்தர் வேற வழி திறப்பார்” என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று உபாகமத்தின் 22-ஆம் அதிகாரம் விதிக்கிறது. செய்த பொருளின் குறைக்குச் செய்தவன் பொறுப்பு என்பது உலகத்தார் நேற்று கண்டுபிடித்த நியாயமன்று. மேலும், ஏரியின் நடுவே அடுக்கு பிரிந்து அந்தப் படகு மூழ்கினால் அதில் இருப்பவர் இருவர்: அவரும் அவருடைய மூத்த மகனும். அதே அச்சிலிருந்து அதே மழையில் வேறு எத்தனை படகுகள் வெளியேறினவோ! மௌனமாக இருப்பது எப்போதும் சாந்தகுணமாகிவிடாது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமிக்குப் பின் நம் கரையோரத்தில் நடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். உலகெங்குமிருந்து அன்பளிப்புகள் வந்தன. சபைகளும் தொண்டு நிறுவனங்களும் போட்டியிட்டுக்கொண்டு படகு வழங்கின. தேவை பெருகியதும் அனுபவமில்லாத பலர் கடற்கரையில் கொட்டகை போட்டுப் படகு செய்யத் தொடங்கினார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் புத்தம்புதுப் படகுகள் பல கடலுக்குத் தகுதியற்றவையாக இருந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் பின்னர் ஃபைபர் படகு செய்வோருக்கென்றே பயிற்சிக் கையேடு வெளியிட நேர்ந்தது. இலவசமாகப் பெற்ற மீனவர் யாரிடம் முறையிடுவார்? அட்டையுமில்லை, ரசீதுமில்லை, கொடுத்தவருக்கு நன்றி சொல்லி முடித்தாயிற்று. அன்பளிப்பிலும் தரம் பார்க்கவேண்டும் என்று நம் சபைக் குழுவில் நான் வற்புறுத்துவதற்கு அந்த நாட்களின் நினைவும் ஒரு காரணம். (கிறிஸ்துமஸுக்குத் தைத்துக் கொடுக்கும் சட்டைகளைப் பற்றியும்தான் சொல்கிறேன்.)

நம்முடைய சகோதரரிடம் ரசீது இருந்தது. முதலில் படங்கள் எடுத்தோம்: தட்டிப் பார்த்து வரைந்த எல்லைக்கோடு, ஊறிய மரம், மோதிய தடம் ஏதுமற்ற வெளிப்புறம். மோதினால் வெளியிலிருந்து உள்ளே உடையும். இங்கே வெளிப்பூச்சு முழுமையாக இருக்க உள்ளடுக்கு பிரிந்திருந்தது. இந்த ஒரு வாக்கியமே எங்கள் கடிதத்தின் முதுகெலும்பு. அதோடு ரசீதின் நகலையும் வாரண்டி அட்டையின் நகலையும் இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கடுஞ்சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. பழுது இது, கேட்பது இது, இத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று மட்டும் எழுதினோம்.

இதற்கிடையே ஒருவர், படகு தொழிலுக்கான பொருள், ஆகவே நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி அவரைக் கலங்கவைத்தார். இது பலரும் நம்பும் பாதி உண்மை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது. ஆயினும், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரை அவ்விலக்கில் சேர்ப்பதில்லை. தையல் எந்திரம் வாங்கிய விதவைத் தாய்க்கும், ஆட்டோ வாங்கிய ஓட்டுநருக்கும், படகு வாங்கிய இவருக்கும் அது பொருந்தும். முறையீட்டைத் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே கொடுக்கலாம். விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வழக்கிற்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிடவேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. இவற்றை உங்கள் வேதாகமத்தின் பின்னட்டையில் குறித்து வைத்தாலும் தவறில்லை.

ஆணையத்துக்குப் போகும் நிலை வரவில்லை. ஒப்புகை அட்டை திரும்பிய வாரத்திலேயே உரிமையாளர் அழைத்தார். பழுது பார்க்கச் சம்மதம்; ஆனால் படகைத் தளத்துக்குக் கொண்டுவர வேண்டும், வண்டிச் செலவு உங்களுடையது. அட்டையிலும் சிறிய எழுத்தில் அப்படித்தான் இருந்தது. சகோதரர் சற்று யோசித்துவிட்டு, “நீங்க ஆள அனுப்புங்க, சோறும் தங்க எடமும் நாங்க தர்றோம்” என்றார். மாசி மாதத்தின் வறண்ட காற்று வேலைக்கு உகந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். உரிமையாளருக்கும் அது லாபமாகத் தோன்றியது.

வந்தவர் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர். அந்தப் படகின் அடிப்பகுதிக்கு மேட் விரித்தவரும் அவரே. முதல் நாள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பிரிந்த அடுக்குகளைக் கிரைண்டரால் தேய்த்து, விளிம்பைச் செங்குத்தாக விடாமல், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம் என்று சரிவாக இறக்கினார். அப்போதுதான் புதிய மேட் பழையதைப் பற்றுமாம். ஊறிய சட்டத்தைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டார். அந்த இரண்டு நாட்களில், சகோதரரின் மனைவி பரிமாறிய மீன் குழம்புக்குப் பிறகுதான் பேச்சு வந்தது. ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகியதாம். நாளைக்குச் செய்கிறேன் என்று இவர் சொல்லியும் வண்டி காத்திருக்கிறது, முடி என்றார்களாம். இப்போது இந்தப் பழுதுக்கான ரெசினும் மேட்டும் கூலியும் இவருடைய சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடிக்கப்படும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டதல்லவா? படகு சரியாகிறது, செலவில்லை. சகோதரர் அன்றிரவு என் வீட்டுக்கு வந்தார். “பாஸ்டர், அந்தப் பையன் காசுல என் படகு ஓட வேணாம்” என்றார். நான் அவருக்குக் கற்பிக்க எதுவும் இருக்கவில்லை. வேலைநாட்களை இழந்து, கடன் தவணை தவறி, பெண்கள் ஐக்கிய சங்கம் கொடுத்த அரிசியில் அந்த மாதத்தைத் தள்ளியவர் அவர்.

வேலை முடியும் நாளில் உரிமையாளரே நேரில் வந்தார். புதிய சட்டத்தின் முனைகள் இம்முறை முழுவதும் மூடப்பட்டிருந்தன. மேஸ்திரி நாணயத்தால் தட்டினார். எல்லா இடத்திலும் ஒரே ஓசை. அப்போது சகோதரர் இரண்டு காரியங்கள் கேட்டார். பழுது பார்த்த பகுதிக்கு இன்றிலிருந்து ஓராண்டு உத்தரவாதம் வேண்டும். இந்தச் செலவு பையனின் சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது. உரிமையாளரின் முகம் சுருங்கியது. “ஆளு வேலைய ஒழுங்கா செய்யல, அது எங்களுக்குள்ள விஷயம்ணே” என்றார். “ஒழுகுன கொட்டாய் உங்களுதுண்ணே” என்றார் சகோதரர், குரலை உயர்த்தாமல். நான் குறுக்கே பேசவில்லை. பையன் கிரைண்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார், சுற்றி முடித்த பிறகும்.

நீண்ட நேரம் கழித்து உரிமையாளர் ரசீதை வாங்கித் திருப்பி வைத்து, படகின் விளிம்பைப் பலகையாக்கி, இரண்டையும் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டார். எட்டாம் வகுப்பில் படிக்கும் சகோதரரின் மகள் அதை உரக்க இருமுறை வாசித்தாள். “அப்பா, தேதி போடல” என்றாள். அவர் மறுபடியும் பேனாவின் மூடியைக் கழற்றினார்.