இறக்க வேண்டாங்க மாமா

மரவள்ளியைப் பிடிக்கும் மாவுப்பூச்சிக்கு ஆணே தேவையில்லை. ஒற்றைப் பெண் பூச்சி தானாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகும். ஒரு விதைக்குச்சியின் கணுவில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், காடு முழுக்கப் பரவிவிடும். இது தெரிந்த பிறகுதான் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வந்தது.

தென் அமெரிக்கப் பூச்சி இது. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, கிழங்கே சாப்பாடாக இருக்கும் ஊர்களைக் கலங்கடித்தது. இந்தியாவில் 2020-இல் திருச்சூரில் கண்டுபிடித்தார்கள். அடுத்து எங்கள் சேலம், நாமக்கல் பக்கம். குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி வளராமல் நின்றுவிடும். இலையைத் திருப்பினால் வெள்ளை மாவு. விரலால் ஒதுக்கினால் அடியில் இளஞ்சிவப்பு உடம்பு. சேகோ ஆலைக்குப் போகவேண்டிய கிழங்கு விரல் பருமனில் நின்றுபோன காடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பூச்சி எங்கள் பக்கம் பரவிய வருஷம் அக்கா வீட்டு மாமா டெம்போவில் குச்சிக் கட்டுகளை ஏற்றி வந்தார், காசே வாங்காமல். ஒரு கட்டைப் பிரித்தேன். கணு இடுக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இறக்க வேண்டாங்க மாமா."

"என் காட்டுக் குச்சி மாப்ள. இதுலயுமா சந்தேகம்?"

அவர் முகம் வாடிவிட்டது. அக்கா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது. ஆனாலும் இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் சொல்வேன். எங்கள் பக்கம் விதைக்குச்சி பணத்துக்கு மட்டுமல்ல, உறவுக்காகவும் கைமாறுகிறது. பூச்சி வருவதும் அதே வழியில்தான். கப்பலில் வருவதைச் சோதிக்க 1914-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டு ஆணையும் இருக்கின்றன. வாசலில் வந்து நிற்கும் கட்டை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காத இந்த மாவுப்பூச்சியை ஒரு குளவிதான் அடக்கியது. பெயர் அனாகைரஸ் லோபசி. கண்ணுக்குச் சட்டென்று படாத அளவு சின்னது. பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் அது முட்டை வைக்கும். பொரிக்கும் புழு உள்ளேயிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். காய்ந்து உப்பிய பூச்சிகள் இலையில் தெரிந்தால் தயவுசெய்து மருந்து டேங்கைத் தோளில் மாட்டாதீர்கள். அந்தக் கூட்டுக்குள் அடுத்த குளவி இருக்கிறது.

பக்கத்துக் காடுகளிலும் விட்டால்தான் குளவி நிலைக்கும் என்றார்கள். மாமா காட்டுக்கு நானே கொண்டுபோய் விட்டேன்.