கீசரும் ஒரு சிவப்புப் பட்டனும்

ஓசூர் குளிர் பத்தி தெரியாத மக்களுக்கு: கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 3000 அடி உயரத்துல இருக்கோம். மார்கழில வெந்நீர் இல்லாம, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பொட்டி தட்டக் கிளம்ப முடியாது.

போன வாரம் எங்க வீட்டு கீசர் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிட்டு அணைஞ்சு போச்சு. மெயினை அணைச்சு, மூடியைக் கழட்டி, கட்டவுட்டோட சிவப்புப் பட்டனை அமுக்கினா ஓடும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. மூணு நாள் இதே கூத்து. ஆபீஸ்ல சர்வரை ரீஸ்டார்ட் பண்ற புத்தி வேற எங்க போகும்?

நாலாவது நாள், கட்டவுட்டைத் தூக்கிட்டு ஒயரை நேரா குடுத்துடலாம்னு ஸ்டூல் மேல ஏறிட்டேன். அப்பா கூப்பிட்டிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அப்பதான் வந்தாரு.

"தம்பி, இறங்குங்க. அது இல்லாம, வால்வும் உப்புல அடைச்சிருந்தா டேங்க் வெடிக்கும். காலைல யாரு முதல்ல குளிப்பாங்க?"

அம்மா.

எலிமென்ட்டை வெளிய எடுத்தா, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு. எல்லாம் போர் தண்ணி உபயம். சூடாகச் சூடாக அதுல இருக்கிற கால்சியம் படிஞ்சு, தெர்மோஸ்டாட் குழாயையும் மூடியிருக்கு. தண்ணி கொதிக்கிறதே அதுக்குத் தெரியல. ரெண்டையும் மாத்தினதும் சரியாச்சு.

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன், கோளாறைத் தேடாம அலாரத்தைக் கழட்டப் பாத்திருக்கேன். உங்க வீட்லயும் போர் தண்ணின்னா, வருஷத்துக்கு ஒரு தரம் ஆளைக் கூப்பிட்டு உப்பைச் சுரண்டச் சொல்லிடுங்க மக்களே.