கழகச் சட்டை

ஆடை மானங் காப்பது என்பர். பலர் ஒருங்கே அணியும் ஒரே நிற ஆடையோ மானத்தோடு உறவையுங் காப்பதாகும். கல்லூரி விளையாட்டுப் போட்டியில் தத்தம் இல்லத்தின் நிறந் தாங்கி ஓடிய பழைய மாணவர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

வாவிக்கரையிலுள்ள எம்மூர் இளைஞர் கழகத்தார் தமக்கென ‘ரீ சேட்’ அடிப்பிக்க எண்ணி, முதியோராகிய எம்மையும் ஆலோசனைக்கு அழைத்தனர். விரித்து வைத்தால் ஆங்கில ‘ரீ’ எழுத்தைப் போலத் தோன்றுதலின் இதற்கு இப்பெயர். 1913இல் அமெரிக்கக் கடற்படையினருக்கு உள்ளாடையாக வழங்கப்பட்டது, இன்று உலகெங்கும் இளைஞரின் வெளியாடையாயிற்று. மருதமுனைத் தறியில் நெய்விக்கலாகாதோ என்றார் ஒரு பெரியவர். தறியில் நெய்வது பாவும் ஊடையுங் கூடிய துணி. இதுவோ நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி. அதனாலேயே இழுத்தால் நெகிழும் என்று இளைஞர் விளக்கினர்.

அடுத்து எழுந்தது சின்னம் பற்றிய வழக்கு. மீன்பாடும் தேன்நாட்டில் மீனின்றிச் சின்னம் ஏது? மீனோடு, 1924இல் அமைந்த கல்லடிப் பாலமும், சுவாமி விபுலாநந்தர் ஆராய்ந்த யாழும், எழுவான்கரை ஞாயிறும், படுவான்கரை நெற்கதிரும் வேண்டுமென்றனர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில்! கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து இழுப்பதுபோல இரு கட்சிகள் தோன்றின.

அச்சிடுவோரை விசாரித்தபின் வழக்குத் தணிந்தது. வலைச்சட்டத்தின் வழியே மையை அழுத்திப் பதிக்கும் முறையில் நிறம் ஒவ்வொன்றுக்குந் தனிச் சட்டம் வேண்டும். சட்டஞ் செய்யுஞ் செலவு பத்துச் சட்டைக்கும் நூறு சட்டைக்கும் ஒன்றே. ஆகவே சிறு கழகத்தில் நிறம் பெருகுந்தோறும் தலைக்கு விழுந் தொகையும் பெருகும். வெப்பத்தாற் சாயம் ஏற்றும் முறையில் நிறத்துக்கு வரம்பில்லை. எனினும் அது பொலியெஸ்ரர்த் துணிக்கும் வெளிர் நிறத்துக்குமே பொருந்தும். எம் கரையின் வெயிலுக்குப் பருத்தியே சுகம்.

செலவு முழுவதையுந் தாமே ஏற்பதாக வணிகர் ஒருவர் முன்வந்தார். தம் கடைப்பெயர் முதுகிலே, கழகப் பெயரினும் பெரிதாக வரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. சிலர் இசைந்தனர். அவ்வேளை செயலாளர் பெயர்ப்பட்டியலை வாசித்தார். ஆறு பெயர்கள் இல்லை. வலைத்தொழிலும் கூலி வேலையுஞ் செய்யும் வீட்டுப் பிள்ளைகள், “எங்களுக்குச் சட்டை வேண்டாம், விளையாட மட்டும் வருகிறோம்” என்றனராம். சபை மௌனமாயிற்று. “சட்டை இல்லாதவர் கழகத்தார் இல்லையா?” என்று வினவினாள் கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி.

அதன்பின் முடிவு எளிதாயிற்று. கருநீலத் துணியில் வெண்மை ஒன்றே நிறம். மீனும் கழகப் பெயருமே சின்னம். வணிகருக்கு நன்றி கூறி விடை கொடுத்தனர். குறைந்த செலவை எல்லாருக்குஞ் சமமாகப் பங்கிட்டு, இயலாதார் பங்கை இயன்றவர் கூட்டிக் கொடுத்தனர். எவர் எவ்வளவு கொடுத்தார் என்பது கணக்குப் புத்தகத்துக்கு மட்டுமே தெரியும்.

மாதிரி அச்சு வந்தபோது மற்றொரு குறை தெரிந்தது. கணினியில் எழுத்துரு மாறியமையால் ‘இளைஞர்’ என்பதன் இணைக்கொம்பு, எழுத்தின் முன் நில்லாது பின்னே நின்றது. எம் நாட்டிற் கொம்பு முறிதல் விளையாட்டு. சட்டையில் அது தமிழுக்கு இழுக்கன்றோ! எழுத்துக்களை வடிவக்கோடுகளாக மாற்றி அனுப்பியபின் சீராயிற்று. அளவையும் வாய்மொழியாக நம்பாது, மாதிரிகளை வருவித்து அணிந்து பார்த்தே குறித்தனர். ஒருவர் ‘நடுத்தரம்’ மற்றவர் ‘சிறியது’ ஆதலுண்டு.

பழைய மாணவராகிய நாம் இன்று பல தேசங்களில் வாழ்கின்றோம். ஊர் இளைஞருக்கு உதவ விழைவார் நம்முட் பலர். அவர்க்கு எமது விண்ணப்பம் ஒன்றே: உதவி செய்க, பெயரை முதுகில் ஏற்ற வேண்டா. பட்டியலில் விடுபட்ட பெயர்கள் எவை என்று மட்டுங் கேட்டறிக.